பூர்கோனில் ஒரு மாப்பிள்ளையைத் தொலைக்கப் போனேன்

சிட்னியில் இருக்கும் எங்கள் வீட்டில் பிரான்ஸ் என்றால் லாச்சப்பல். பாரிஸில் இருக்கும் அந்தத் தமிழ்க் கடைத்தெருவின் இரண்டு முனைக்கும் நடுவில் முழு நாடும் அடங்கிவிட்டது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அதனால், "பிரான்சில ஒரு பெடியன் இருக்கிறான், வைன் கொம்பனியில மனேஜர்" என்று பக்கத்து டூங்கபியில் இருக்கிற அன்ரி அக்காவுக்குச் சம்பந்தம் கொண்டுவந்தபோது, "அப்ப முருங்கைக்காய்க்குப் பிரச்சினை இல்லை, என்ன?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

பெடியன் பாரிஸில் இல்லை என்பது பிறகுதான் மெல்ல வெளியே வந்தது. பூர்கோன் என்றொரு நாட்டுப்புறமாம். திராட்சைத் தோட்டம், மாடு, பழைய கோயில், பழைய கோட்டை. மனிதர்களும் இருக்கிறார்கள் என்று அன்ரி உறுதி சொன்னார்.

சம்பந்தம் பேசினால் எங்கள் ஆட்கள் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை கனடா என்றால் கனடாவில் ஒருவருக்குப் போன் போனால் போதும். அவர் மாப்பிள்ளை வீட்டுக் குப்பைத் தொட்டி வரைக்கும் விபரம் சொல்லுவார். இந்த மாப்பிள்ளையைச் சுற்றி விசாரிப்பதற்கு ஒரு தமிழன்கூட இல்லை. ஆகவே ஆளையே அனுப்புவதென்று முடிவானது. பாரிஸில் ஒன்றுவிட்ட அண்ணனின் கலியாணம் வந்தது வசதியாய்ப் போயிற்று. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு பென்டில் ஹில்லில் டயர் மாற்றிக்கொண்டிருக்கிற நான்தான் தூதுவன். குடும்பத்தில் படித்தவர்கள் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை.

"குடிக்கிறவனோ எண்டு பார். தலைமயிர் சொந்தமோ எண்டும் பார்" என்றார் அம்மா. அப்பாவுக்கு வேலை உண்மையோ என்று தெரியவேண்டும். அக்கா மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆளை எங்கயாவது வழி தவற விடு. என்ன செய்யிறார் எண்டு பார். எனக்கு வேற ஒண்டும் தெரிய வேண்டாம்."

இதற்கு விளக்கம் தேவையில்லை, எனக்கு. உங்களுக்குத் தேவை. எங்கள் அப்பா சாதுவான மனிதர். வளவுக்கு வரும் மக்பை குருவிக்குப் பெயர் வைத்துச் சோறு போடுகிறவர். ஆனால் ஸ்டியரிங் கையில் இருக்கும்போது ஒரு திருப்பம் தவறிவிட்டால் வேறு ஆள். அம்மாவின் மடியில் வரைபடப் புத்தகம் இருந்த காலத்திலும் சரி, போன் தானே பேசுகிற இந்தக் காலத்திலும் சரி, பிழை அம்மாவுடையது. ஒருமுறை கன்பராவுக்குப் பூக்காட்சி பார்க்கப் போய், பூவைப் பார்க்காமலே வீடு திரும்பினோம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தார். எனக்கும் அக்காவுக்கும் பின் சீற்றில் மூச்சுவிடப் பயம்.

போன வருசம் மெல்பேர்னிலிருந்து ஒரு பல் டொக்டர் அக்காவைப் பார்க்க வந்தார். ஹோம்புஷில் தோசை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் திருப்பத்தைத் தவறவிட்டு ஸ்டியரிங்கில் ஒரு அடி அடித்தாராம். அடுத்த சிவப்பு விளக்கில் அக்கா கதவைத் திறந்து இறங்கி, ரயில் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் பச்சை விளக்கு வரும்வரை கவனிக்கவில்லை என்று கேள்வி.

"இதுவும் சரிவராட்டி விடு, நான் ஒரு நாய் வளர்க்கிறன்" என்று அக்கா சொன்னதும் என்னைத் தனியாகக் கூப்பிட்ட அன்றைக்குத்தான். பகிடிக்குச் சொன்ன மாதிரி இருந்தது. நாய் வளர்ப்புப் பக்கங்களை அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

பாரிஸ் கலியாணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மண்டபம், இடியப்பம், வீடியோக்காரர். சிட்னியிலும் அதே ஆட்கள்தான், கோட் மட்டும் இங்கே கொஞ்சம் இறுக்கம்.

திங்கட்கிழமை மத்தியானம் பூர்கோனில் ஒரு சின்ன ஸ்ரேஷனில் இறங்கினேன். என்னோடு இறங்கியது ஒரு சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர். வெளியே பழைய வெள்ளை வான் ஒன்றில் சாய்ந்தபடி மாப்பிள்ளை நின்றார். பெயர் கஜன். முப்பத்தாறு வயது. தலைமயிர் அடர்த்தியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. மொட்டையாக இருந்தது டயர்தான். நாலும்.

"வாங்கோ தம்பி. பயணம் சுகமோ?"

"ஓம் அண்ணை. இந்த டயரோடயோ ஓடுறியள்?"

"ஓம். ஏன்?"

"சிட்னியில எண்டா பொலிஸ் பிடிக்கும்."

"இஞ்ச பொலிஸ் வரோணுமெண்டா பக்கத்து ஊரில இருந்து வரோணும்" என்றார். வானை எடுத்துக் கொஞ்சத் தூரம் போனதும், தானாகவே கேட்டார். "நான் மனேஜர் எண்டு சொன்னவையோ?"

"ஓம்."

"நான் பீப்பா கழுவுறன். அறுவடை நேரம் பழம் வெட்டுறன். ஆக்கள் வந்தா வைன் ஊத்திக் குடுக்கிறன். மனேஜர் பிரெஞ்சுக்காரி. அவவுக்கு ஏற்கெனவே கலியாணம் முடிஞ்சுது."

அப்பாவின் விசாரணை முதல் தெருவிலேயே முடிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒளித்து நின்று கண்டுபிடிக்க வந்தவனிடம் இப்படி எடுத்துக் கொடுத்தால் என்ன மரியாதை?

ஊர் கல்லால் கட்டியது. சுவர் கல், கூரை கல், தெரு கல். ஆட்களும் அப்படித்தானோ என்று பார்க்க ஒருவரும் வெளியே இல்லை. பாண் வாங்கப் போனோம், பேக்கரி பூட்டு. இறைச்சிக்கடை பூட்டு. கோப்பிக்கடையின் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"என்ன, ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை, திங்கட்கிழமை. மற்ற நாளிலயும் மத்தியானம் பூட்டுவினம், சாப்பிட."

டூங்கபியில் ஒரு பலசரக்குக் கடை மத்தியானம் பூட்டினால் அன்ரிமார் பொலிசுக்குப் போன் போட்டிருப்பார்கள். இங்கே சனம் ஒன்றும் பேசாமல் நாளைக்கு வருகிறது. இரவு கஜன் தானே கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். தூள் லாச்சப்பல் தூள். உறைப்பு அம்மாவுடையதை விட ஒரு படி மேலே. இதை அம்மாவுக்கு அறிவிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

இரண்டாம் நாள் போன் என்கிற பட்டினம்; பேசுகிற போன் இல்லை, ஊரின் பெயரே அதுதான். அங்கே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஓடு வேய்ந்த ஒரு பழங்கால ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது நோயாளிகள் இல்லை, ரிக்கெற் எடுத்தவர்கள் மட்டும். பெரிய மண்டபத்தில் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் வரிசையாக. ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்தார்களாம். அக்கா தாதி என்பதால் ஒரு படம் அனுப்பினேன். "எங்கட வோர்ட்டை விடப் பரவாயில்லை, திரையாவது இருக்கு" என்று பதில் வந்தது.

அங்கே ஒரு பெரிய ஓவியம். ஆண்டவனின் தீர்ப்பு நாள். நடுவில் சிறகு முளைத்த ஒருவர் தராசில் ஆட்களை நிறுத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தட்டில் இருந்தவன் கீழே போகப்போகிறான் என்று தெரிந்து வாயைத் திறந்தபடி இருந்தான். கஜன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களை மாதிரியே ஒருத்தர் நிக்கிறார், பாத்தீங்களோ?"

"எனக்குச் செட்டை இல்லை அண்ணை."

"தராசு இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். 

மத்தியானம் நத்தை சாப்பிட்டேன். அம்மா கருவேப்பிலைச் சாடியைச் சுற்றி நீலக் குளிசை போட்டுக் கொல்கிற அதே சாமான்தான். இங்கே உள்ளியும் பட்டரும் போட்டு, அதற்கென்று ஒரு குறடும் தந்து, கோட் போட்ட ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார். ருசி உள்ளியுடையது. நத்தைக்கு அதில் பங்கில்லை.

பிறகு கஜன் வேலை செய்கிற இடத்தின் நிலக்கீழ் அறைக்குப் போனோம். குளிர், பூஞ்சணம், பீப்பா. அமெரிக்கர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். கஜன் எல்லோருக்கும் ஊற்றினார், தனக்கும் ஊற்றினார். கோப்பையைச் சுழற்றி, மணந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். நான் செய்யவில்லை. ஒரு வீட்டில் தருகிறதை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அதுவும் மாப்பிள்ளை தருகிறதை, அவருக்கு முன்னாலேயே வாளியில் துப்பினால் சம்பந்தம் என்னாவது? கடைசிக் கோப்பை வரைக்கும் மரியாதையோடு விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தார். சிட்னியில் படுக்கப் போகிற நேரம்.

"என்னடா, கண் சிவந்துகிடக்கு?"

"குளிர் அம்மா."

"ஏன் சுவரில சாஞ்சு நிக்கிற? சரி, சொல்லு, அவர் குடிக்கிறவரோ?"

"இல்லை அம்மா. துப்புறவர்."

அம்மா போனுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "என்ன வருத்தம்? சயரோகமோ?" என்றார். விளங்கப்படுத்த முயற்சி செய்தேன். அன்றைக்கு என் நாக்கு விளங்கப்படுத்தும் நிலையில் இல்லை.

மூன்றாம் நாள் தலையிடியோடு குளூனி என்கிற ஊர். ஒருகாலத்தில் கிறிஸ்தவ உலகத்திலேயே மிகப் பெரிய கோயில் இங்கேதான் இருந்ததாம். இருந்தது என்பதுதான் முக்கியம். இப்போது ஒரு கோபுரமும் ஒரு பக்கச் சுவரும் மிச்சம். வழிகாட்டிப் பெண் கையை ஆகாயத்தில் வீசி, "இங்கே தூண்கள், அங்கே கூரை, நீங்கள் நிற்பது கோயிலின் நடுவில்" என்றாள். நாங்கள் நின்றது வெறும் புல்லில். எல்லோரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு காகம் போனது.

"ஆர் இடிச்சது?" என்று கஜனைக் கேட்டேன்.

"இவையள்தான். புரட்சி முடிஞ்சு, கல்லுக்கல்லா வித்தவை."

"தாங்களே இடிச்சுப்போட்டு, தாங்களே ரிக்கெற் விக்கினமோ?"

"ஓம். எங்கட வீட்டையும் இடிச்சவை, முல்லைத்தீவில. ஆருக்கும் ரிக்கெற் விக்கிற யோசினை வரேல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "எங்கட வீட்டிலயும் ஒரு பக்கச் சுவர்தான் மிச்சம். இதை விட வடிவான சுவர்."

வழிகாட்டிப் பெண் எங்களைப் பார்த்து, இது சிரிக்கிற இடமில்லை என்பதுபோல உதட்டில் விரல் வைத்தாள்.

நாலாம் நாள் என் வேலையைத் தொடங்கினேன். மலைக்கு மேலே ஒரு கோட்டை இருக்கிறது, தானும் போனதில்லை, போவோம் என்று கஜன் சொன்னார். போன் சத்தமில்லாமல் என் கையில், வழி சொல்வது நான். இப்படி ஒரு சந்தர்ப்பத்தைக் கடவுளாகப் பார்த்துத் தந்தால்தான் உண்டு.

முதல் சந்தியில் போன் வலம் என்றது. நான் இடம் என்றேன். கஜன் இடப் பக்கம் திருப்பினார். அடுத்ததில் நேரே என்றது, நான் வலம் என்றேன். தெரு ஒடுங்கியது. பிறகு தாரும் முடிந்தது. இரண்டு பக்கமும் வேலி, வேலிக்குள் வெள்ளை மாடுகள், ஒவ்வொன்றும் ஒரு பிரிட்ஜ் அளவு. கஜன் ஏதோ பழைய பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு ஓடினார். எண்ணெய் குறைவு என்று காட்டுகிற விளக்கு மஞ்சளாக எரிந்தது. அதையும் பார்த்தார், முணுமுணுப்பு நிற்கவில்லை.

"இன்னும் நேரேயோ தம்பி?"

"நேரே."

ஒரு பள்ளத்தில் இறங்கி வான் நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. மொட்டை டயர் சேற்றில் சுற்றுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரையும் கறுத்தது.

கஜன் இறங்கி, இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார்.  அக்காவின் மாப்பிள்ளையா, அக்காவின் நாயா என்பது இப்போது தெரிந்துவிடும்.

"சரி" என்றார். "எந்தப் பக்கம் வடிவா இருக்கு?"

"என்ன?"

"நடக்கத்தானே வேணும். எந்தப் பக்கம் வடிவா இருக்கோ அந்தப் பக்கம் நடப்பம்."

இந்த இடத்தில் நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் சப்பாத்துக்குள் சேறு, பசி, மாடுகள் வேறு வரிசையாக வந்து வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தன. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறியள்? ஒரு வழி தெரியாதோ? சந்தியில பலகை இருந்திருக்கும், பாக்கத் தெரியாதோ? சொல்லுறவன் சொன்னா, ஓட்டுறவனுக்கு மூளை எங்க போனது?"

குரல் என்னுடையது இல்லை. அந்த 'பாக்கத் தெரியாதோ', கடைசிச் சொல்லில் மேலே ஏறுகிற அந்த இழுவை, கையை ஆட்டுகிற விதம்கூட, எல்லாம் அப்பா. சிட்னியிலிருந்து இவ்வளவு தூரம் என்னோடு ரிக்கெற் இல்லாமல் வந்து, இந்த வயலில் இறங்கியிருக்கிறார்.

கஜன் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு கேட்டார், "உங்கட அப்பாவோ இப்பிடிக் கத்துறவர்?"

நான் ஒரு மாட்டைப் பார்த்தேன். அதுவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு நடக்க வேண்டி வரவில்லை. சத்தம் கேட்டு டிராக்டரில் ஒரு கிழவர் வந்தார். என் சத்தம்தான். அவர் சொன்னதை கஜன் எனக்கு மொழிபெயர்த்தார்: "கோட்டை மலையின் மற்றப் பக்கம். இங்கே என் மாடுகள்தான் இருக்கின்றன. பார்க்கப் பணம் கேட்க மாட்டேன்." பிறகு என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். கஜன் நீளமாக ஏதோ சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"எனக்குப் பொம்பிளை தாறதோ இல்லையோ எண்டு தீர்ப்புச் சொல்ல அவுஸ்திரேலியாவில இருந்து வந்தவர் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொல்லுறார்?"

"அப்ப மெல்லமா இழுக்கிறன் எண்டு சொல்லுறார்."

கோட்டையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. தபால் அட்டையில் இருக்கிறது, வடிவானதுதான்.

திரும்பி வருகிற வழியில் கஜன் சொன்னார், "முதல் சந்தியில கோட்டைப் படம் போட்ட பலகை இருந்தது. வலப் பக்கம். கண்டனான்."

"கண்டுமோ இடப் பக்கம் திருப்பினனீங்கள்?"

"நீங்கள் சொன்னீங்கள். ஏதோ அலுவல் இருக்கு எண்டு விளங்கினது. ஆரின்ர யோசினை?"

"அக்கான்ர."

 "நல்ல யோசினை" என்றார். பிறகு, "அவவிட்ட ஒண்டு மட்டும் உள்ளபடி சொல்லுங்கோ தம்பி. இது லாச்சப்பல் இல்லை. திங்கட்கிழமை பாண் இல்லை. தமிழ்ச் சத்தம் எண்டா அது என்ர வானொலிதான். வந்துபோட்டு அழுறதை விட, வராமலே இருக்கலாம். அதை வடிவாச் சொல்லுங்கோ." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பகிடி இல்லை.

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டதும் அக்கா கூப்பிட்டாள். அங்கே விடிந்து, வேலைக்குப் புறப்படுகிற நேரம்.

"தவற விட்டியோ?"

"விட்டன். சேத்தில புதைஞ்சு, டிராக்டர் வந்து இழுத்தது."

"கத்தினவரோ?"

"கத்தினது நான்."

 மெதுவாகக் கேட்டாள், "அப்பா மாதிரியோ?"

"அப்பா மாதிரியே. கையும் ஆட்டினனான்."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு, "அவர் என்ன செய்தவர் எண்டு முதல்ல இருந்து சொல்லு" என்றாள். வடிவான பக்கம் கேட்டதைச் சொன்னேன். பாண் இல்லாத திங்கட்கிழமையையும் சொன்னேன், ஒன்றும் விடாமல். "போனை அவரிட்டக் குடு" என்றாள். கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நல்ல குளிர். நீண்ட நேரம் உள்ளே கூப்பிடவில்லை. தூதுவனை அதற்குப் பிறகு யார் கவனிக்கிறார்கள்?

நான் திரும்பி வந்து அடுத்த மாதம், திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று தானே போய்ப் பார்த்து முடிவெடுக்கிறேன் என்று அக்கா புறப்பட்டாள். டூங்கபி அன்ரிக்கு இது பிடிக்கவில்லை. பொம்பிளை போய் மாப்பிள்ளை பார்க்கிறதோ என்று கேட்டார். டயர்காரன் போய்ப் பார்க்கலாமாம்.

விமான நிலையத்துக்கு அப்பாதான் ஓடினார். பயணம் என்றால் அரை நாள் முந்திப் புறப்படுகிற மனிதர், ஆகவே நேரத்துக்குக் குறைவில்லை. அம்மா பக்கத்தில், மடியில் போன். பின்னால் நானும் அக்காவும். பெரிய சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் போனுக்கு வழி தெரியாமல் போனது. அம்புக்குறிகள் மூன்று பக்கம் காட்டின. அப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வெளிச்சத்துக்கு வந்தபோது அது விமான நிலையப் பக்கம் இல்லை.

"சொல்லுறதுக்கென்ன? பலகை பாக்கத் தெரியாதோ?" என்று தொடங்கினார் அப்பா. அந்த இழுவையைக் கேட்டதும் என் காது சுட்டது. அம்மா வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அக்கா முன்னுக்குச் சாய்ந்தாள். "அம்மா, எந்தப் பக்கம் வடிவா இருக்கு?"

அப்பா கத்தலை நிறுத்திவிட்டார். அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். இடப் பக்கம் கொங்கிரீட் சுவரும் லொறிகளும். வலப் பக்கம் அன்சாக் பாலம், கம்பிகளுக்கு நடுவால் காலை வெயில், கீழே தண்ணீர்.

"உந்தப் பக்கம்" என்றார் அம்மா. "பாலத்தால விடுங்கோ."

"எயார்போர்ட் அங்கால இல்லை."

"தெரியும். விடுங்கோ."

அப்பா சிக்னல் போட்டு வலப் பக்கம் எடுத்தார். அம்மா மடியிலிருந்த போனைக் கைப்பைக்குள் வைத்து, கண்ணாடியைக் கீழே இறக்கினார். நான் பின்னால் இருந்து ஒரு படம் எடுத்து, "வழி தவறிட்டம்" என்று எழுதி கஜன் அத்தானுக்கு அனுப்பினேன்.